இடப்பக்கமாக ஒரு சுற்று

ஜூலை 20, ஞாயிறு. அபுதாபி

நீயே சொல்லு தாயே, நான் வரமாட்டேன்னா சொன்னேன்? லீவு கேட்டேன். ஹாஸ்டல் வார்டன் காலண்டரைத் திருப்பிக் காட்டினாள். காண்ட்ராக்ட் அக்டோபரில்தான் முடிகிறதாம். சங்கரன்கோவிலில் அம்மன் நீ ஆடித்தபசு நிற்பது ஆகஸ்ட் ஏழு. நடுவில் கடல் கிடக்கிறது.

மகள் செல்விக்கு இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது உன் முன்னால் நேர்ந்தேன். ஒன்று தங்குகிற வரைக்கும் ஆடிக்கு ஆடி கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவேன் என்று. நாலு வருஷம் சுற்றினேன். இப்போது அவளுக்கு எட்டு மாதம். இந்த வருஷம் பார்த்து நான் இங்கே நூற்றுநாற்பது நர்ஸ் பிள்ளைகளுக்குச் சப்பாத்தி தேய்க்கிறேன்.

ஜூலை 23

செல்வி பேசினாள். "யம்மா, நீ அங்கன கெடந்து பொலம்பாத. வேணா இவுகளச் சுத்தச் சொல்லுதேன்."

மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் இருபது வரைக்கும் எண்ணுவார், இருபத்தொண்ணில் போன் வந்துவிடும். "நேந்தவதான்ட்டி சுத்தணும்" என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

இன்று உனக்குக் கொடியேற்றம். சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நடந்து பார்த்தேன். நாலு சுற்று போனதும் நின்றுவிட்டேன். சுற்றினால் நடுவில் ஏதாவது இருக்க வேண்டாமா? இங்கே தண்ணித் தொட்டிதான் இருக்கிறது. புண்ணியம் அதற்கல்லவா போகும்.

ஜூலை 30

என்னோடு அடுப்படியில் நிற்கிறவள் ஆமினாள், கடையநல்லூர்க்காரி. ஞாயிற்றுக்கிழமை பெரிய வெள்ளைப் பள்ளிவாசலுக்குப் போகிறாளாம், வேற்று ஆட்களையும் சுற்றிப் பார்க்க விடுவார்களாம்.

"சுத்திப் பாக்க" என்று அவள் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. கேட்டேன்: "ஏட்டி, நெசமாவே சுத்த விடுவாங்களா?"

"யக்கா, அங்கன வந்து சாமியாடிராதிய."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன்.

கோவித்துக்கொள்ளாதே தாயே. எல்லாரும் விழுந்து கும்பிடுகிற இடம், வெறும் தொட்டியைவிட மேல் இல்லையா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போய் வந்தோம். காலையிலேயே குக்கர் வெக்கை மாதிரி அடித்தது. ஆமினாளுடைய கறுப்பு அபாயா அங்கியைப் போட்டுக்கொண்டேன். பொட்டை அழிக்கட்டுமா என்று கேட்டேன். "ஒங்க நெத்தி, ஒங்க பொட்டு. இருந்துட்டுப் போட்டும்" என்றாள்.

உள்ளே தேர் அளவுக்கு ஒரு விளக்கு தொங்குகிறது. ஊர் முழுக்க உட்காரலாம் போல ஒரே கம்பளம். தூணெல்லாம் தங்கத் தலை. அதையெல்லாம் நான் சரியாகப் பார்க்கவில்லை. வெளியே ஒரு முற்றம், பளிங்குத்தரையில் பூவும் கொடியும் பதித்திருக்கிறார்கள், ஒரு ஆள் மிதிக்கவில்லை. நடுவில் ஒன்றுமே இல்லை! சிலை இல்லை, மரம் இல்லை, கம்பம் இல்லை. வெயில் மட்டும் நிற்கிறது. நாலு பக்கமும் தூண் வரிசை, அதன் நிழலில் ஜனம் நகர்கிறது. ஆமினாளுக்குச் சொல்லாமல் மனசுக்குள் உன் பேரைச் சொல்லி, செல்வி பேரைச் சொல்லி, "ஒண்ணு" என்று நடக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது பக்கம் திரும்பும்போதுதான் உறைத்தது. முற்றம் என் இடக்கைப் பக்கம் இருக்கிறது. கோயிலில் சாமி வலக்கைப் பக்கமல்லவா இருக்கணும்? நேர் எதிராகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்!

சட்டென்று திரும்பி வந்த வழியே நடந்தேன். மலையாளி செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தான். "சேச்சி, ஒன் வே ஆணு."

"தம்பி, ஒரு ரெண்டு பக்கம் மட்டும் திருப்பி நடந்துக்கிடுதேன்."

"பற்றில்லா சேச்சி." முடியாதாம்.

பின்னால் வரிசை நின்றுவிட்டது. முழுச் சுற்றையும் இடமாகவே முடித்து வெளியே வந்தேன்.

பஸ்ஸில் ஆமினாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நாங்க மக்காவுல இடமாத்தான் சுத்துவோம். எங்க கணக்குல நீங்க சரியாத்தான் சுத்திருக்கிய."

"எங் கணக்குல?"

"ஆளுக்கு ரெண்டு தோள்லயும் ரெண்டு மலக்கு ஒக்காந்து எழுதிக்கிட்டிருக்காக. எந்தக் கைப்பக்கம்னு அவுக பேசித் தீத்துக்கிடுவாக, விடுங்க."

மலக்கு என்றால் வானத்து ஆட்களாம். என் தோளிலும் இருப்பார்களா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

செல்விக்குப் பிரஷர் ஏறிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள்.

நாந்தான. வேற யாரு? வலமாச் சுத்துனா ஏறும், இடமாச் சுத்துனா எறங்கும். நாலு வருசம் சுத்துனத நானே அவுத்து விட்டுட்டனே. ஒன் வேன்னு அவன் சொன்னா எனக்கு அறிவு எங்க போச்சு? அங்கனயே உக்காந்திருக்கலாம்லா. தாயே, எம்புள்ளையப் புடிச்சுக்கோ. அவ ஒண்ணுஞ் செய்யல.

ஆகஸ்ட் 7, வியாழன். தபசு

மத்தியானம் சாம்பார், முட்டைக்கோஸ், அப்பளம்.

சாயங்காலம் ஆமினாள் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "தொட்டியாவது கெட்டியாவது, நடங்க. வலக்கைப் பக்கம் தொட்டி, பாத்துக்கிட்டியளா?" தலைசுற்றி விழுந்துவிடுவேன் என்று கூடவே நடந்தாள், எண்ணியதும் அவள்தான். அறுபத்து மூன்றில் வார்டன் கூப்பிட்டுவிட்டாள், மாவு பிசைய. மிச்சம் நாற்பத்தைந்து.

ஆகஸ்ட் 16

செல்வி இன்னும் ஆஸ்பத்திரியில்தான். கால் வீக்கம் குறையவில்லை. மாடிக்குப் போகவில்லை. போனாலும் தபசு முடிந்துவிட்டதே.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெண் குழந்தை. ஆபரேஷன்தான். இரண்டே கால் கிலோ. செல்விக்கு மயக்கம் தெளிந்துவிட்டது. மாப்பிள்ளை வீடியோவில் காட்டினார். கையை மடக்கிக்கொண்டு சோம்பல் முறிக்கிறது. ஆமினாள் "மாஷா அல்லா" என்று போனைத் தொட்டுத் தொட்டு முத்தமிட்டாள். திரையெல்லாம் மாவு.

நூற்றுநாற்பது பேருக்கும் கேசரி கிளறினேன். வார்டன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள்.

ஆகஸ்ட் 31

பருப்பு ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்டோபரில் ஊருக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வருவேன். அந்த நாற்பத்தைந்தையும் சுற்றிவிடுகிறேன். இடமாகப் போன ஒன்றுக்கு ஈடாக வலமாக இன்னொன்று. மொத்தம் எவ்வளவு பாக்கி என்று விரல் விட்டுப் பார்க்கும்போதுதான் ஞாபகம் வருகிறது தாயே, இரண்டாம் வருஷம் ஊருக்குப் போகிற கரிவலம் பஸ் கிளம்பிவிட்டது என்று யாரோ கத்தவும் நான் தொண்ணூற்றாறோடு ஓடிப்போய் ஏறிவிட்டேன். பன்னிரண்டு சுற்று குறைச்சல். நீ கேட்கவே இல்லை.