சிக்னல் உள்ள கடல்

எங்கள் வீட்டுக் கப்பற்காரருக்கு, என் பிரியமுள்ள அண்ணாவுக்கு,

இறந்தவர்கள் கடிதம் வாசிப்பதில்லை என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். "இவள் கம்பஸ் போய்ப் படிச்சது ஒண்டையும் நம்பாமல் இருக்கத்தான்" என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பீர்கள். ஆனாலும் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாத செய்திகள் சேர்ந்துவிட்டன.

சண்டை முடிந்துவிட்டது, அண்ணா. நீங்கள் தையில் கண்ணை மூடினீர்கள். அது வைகாசியில் முடிந்தது. எப்படி முடிந்தது என்று எழுதப்போவதில்லை. அதைப் பார்க்காமல் நீங்கள் போனது நல்லதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் ஒவ்வொரு நாளும் மாறுகிறது.

உங்கள் மனைவி, என் மச்சாளின் கடைசித் தம்பி கண்ணனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. நீங்கள் போன பிறகு வன்னியில் இருந்து ஒரேயொரு தடவை தொலைபேசி எடுத்தான். "அத்தானுக்கு இப்பிடி ஆகிப்போச்சே" என்று அழுதான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது கனடாவில் உங்கள் ஸ்காபரோ வீட்டு நம்பர் ஒன்றுதான். அதனால் வைகாசிக்குப் பிறகு மச்சாள் வீட்டை விட்டு வெளிக்கிடவே இல்லை. குளிக்கப் போனாலும் தொலைபேசியைக் கதவடியில் வைத்துவிட்டுத்தான் போவார்.

இந்த நிலையில்தான் ஆவணி வந்தது. உங்களையும் சேர்த்து எங்கள் நாலு பேருக்கும் நீங்கள் பதிவுசெய்து வைத்திருந்த மால்ட்டாப் பயணமும் வந்தது.

கிரேக்கக் கப்பலில் வேலைசெய்த நாட்களில் அந்தத் தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றதையும், இறங்க அனுமதி கிடைக்காததையும் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? பாய்ப்படகுகளில் வந்தவர்கள் கடலில் குதித்து விளையாடுவதை, மேல்தட்டில் இரும்பில் ஏறிய கறளைத் தட்டியபடி நின்று பார்த்தீர்களாம். "ஒருநாள் நான் கரையில நிண்டு கப்பலைப் பாக்கோணும் பிள்ளை" என்பீர்கள்.

நாங்கள் போகிற கதை எப்படியோ வெளியே போய்விட்டது. மரக்கறிக் கடையில் ஒரு அன்ரி என் முகத்துக்கு நேரே கேட்டார்: "ஆண்டுத் திவசமும் முடியேல்லை. சனம் முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்குது. உங்களுக்குக் கடல்குளிப்புக் கேக்குதோ?" அவர் கேட்டது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போகத்தான் வேண்டும் என்று நின்றவள் உங்கள் மகள் தர்சி.

மச்சாளுக்கு ஊர்வாயைப் பற்றிக் கவலை இல்லை. "நான் வந்தால் ஃபோனை ஆர் பாக்கிறது?" என்றார்.

வீட்டுக்கு வருகிற அழைப்பெல்லாம் தாயின் கைத்தொலைபேசிக்குப் போகும்படி தர்சி செய்துகொடுத்தாள். மச்சாள் நம்பவில்லை. குசினியிலேயே நின்று வீட்டு நம்பருக்கு எடுத்துக் காட்டச் சொன்னார்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"அம்மா, நான் உங்களுக்கு முன்னாலதான் நிக்கிறன்."

"நீ பேஸ்மென்றுக்குப் போய் எடு. தூரத்தில இருந்து வேலை செய்யுதோ பாப்பம்."

அப்படித்தான் போனோம்.

அந்தத் தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் மிகை என்று நினைத்திருந்தேன். மிகையில்லை. படகில் இருந்து பார்த்தால் நங்கூரம் மணலில் கிடப்பது வரை தெரிந்தது. என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. எங்கள் சனம் கடைசியாக ஒதுங்கி நின்றதும் ஒரு கடற்கரைதானே?

மச்சாள் தொலைபேசியைச் சாப்பாடு கட்டுகிற பிளாஸ்ரிக் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பாய்ப்படகு ஒரு கல்மலையைச் சுற்றித் திரும்பியதும் சிக்னல் போய்விட்டது. உடனே எழும்பி நின்று என்னிடம் சொன்னார்.

"திருப்பச் சொல்லுங்கோ மச்சாள்."

நான் சொன்னேன். யாருக்கும் சுகமில்லையா என்று படகுக்காரர் கேட்டார். "வெயிற்றிங் ஃபோர் மை பிரதர்" என்று மச்சாளே பதில் சொன்னார். அந்த மனிதர் உடனே படகைத் திருப்பினார்.

மறுநாளும் அதே கதைதான். எல்லோரும் பார்க்கப் போகிற குகைகளை நாங்கள் பார்க்கவில்லை. சிக்னல் உள்ள கடலில் மட்டும் போய்வந்துகொண்டிருந்தோம். நீங்கள் இருந்திருந்தால் சலித்துக்கொண்டிருப்பீர்களா? அல்லது சுக்கானை வாங்கி நீங்களே திருப்பியிருப்பீர்களா?

கடைசி நாள், கடலடிக்கு இறங்கும் சுழியோட்டம். தர்சிக்கும் உங்களுக்கும் என்று இரண்டு இடம் சொல்லிவைத்திருந்தீர்கள். உங்கள் இடத்துக்கு யாரும் வருகிறார்களா என்று பயிற்றுநர் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் மச்சாள் பையைக் கழுத்தில் இருந்து கழற்றினார். மயிலிட்டியில் கடலோடு வளர்ந்தவர் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"அவன் எடுத்தால் வைக்க விடாதேங்கோ. என்னெண்டாலும் கதைச்சுக்கொண்டிருங்கோ."

"சரி."

"சும்மா 'சரி' எண்டாதேங்கோ. உங்களுக்கு ஆரோடையும் ரெண்டு வசனத்துக்கு மேல கதை வராது."

உடுப்பும் காற்றுச் சிலிண்டருமாகத் தாயும் மகளும் கரைக் கல்லில் இருந்து கீழே போனார்கள். கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன. பிறகு அவையும் தூரப் போய்விட்டன. வெளியே ஒரு சரக்குக் கப்பல் நின்றது. மேல்தட்டில் ஆள் நிற்பது தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தெரியவில்லை, அவ்வளவு தூரம். நான் கரையில் நிற்கிறேன், அண்ணா, நீங்கள் எங்கே?

அப்போது தொலைபேசி அடித்தது.

பை திறபடவில்லை. பல்லால் கிழித்து எடுத்தேன். "கண்ணனோ? வைச்சிடாதை அப்பன்" என்றேன். மறுபக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில், உங்கள் ஸ்காபரோ வீட்டின் காற்றுக் குழாய்களைக் கடைசியாக எப்போது துப்புரவு செய்தோம் என்று கேட்டார்.

மற்ற நாளென்றால் உடனே வைத்திருப்பேன். அன்று என்னால் முடியவில்லை. அந்த மனிதர் சொன்னதையெல்லாம் கேட்டேன். அவர் வைத்த பிறகும் காதில் வைத்திருந்தேன்.

மச்சாள் தலையை வெளியே நீட்டியதும் முதலில் பார்த்தது என் கையைத்தான்.

"ஆர் எடுத்தது?"

"டக்ற் கிளீனிங்."

முகக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தர்சியும் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்கவில்லை.

கல்லில் வந்து என் பக்கத்தில் இருந்தார். தலைமயிரில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "அங்கை கீழ ஒரு சத்தமும் இல்லை மச்சாள். என்ரை மூச்சு மட்டும்தான் கேட்டது. இவ்வளவு நாளும் நான் ஒரு சத்தத்துக்காகக் காதைக் குடுத்துக்கொண்டே இருந்தன். அங்கை குடுக்கத் தேவையில்லை." பிறகு, சின்னப் பிள்ளை அனுமதி கேட்பது போலக் கேட்டார்: "இன்னொருக்காப் போகட்டோ?"

போனார். நான் தொலைபேசியோடு இருந்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் தர்சி தாயை ஸ்காபரோ நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போகிறாள். "இது குளமில்லை, குளோரின்" என்று மச்சாள் முறைப்பாடு. ஆனாலும் போகிறார். அழைப்புகள் பழையபடி வீட்டுக்கே வருவதால், அந்த நேரத்துக்கு நான் என் வீடு இருக்கிற ஸ்ரௌவ்வில்லில் இருந்து கார் ஓடிவந்து உங்கள் வீட்டில் இருக்கிறேன். யாருமற்ற அந்த வீட்டில் தொலைபேசி அடிக்கும் என்று நான் பார்த்திருப்பது கண்ணனுக்காக மட்டும்தானா? இந்தக் கேள்வியை நேரில் யாரும் கேட்டால் ஓம் என்றுதான் சொல்வேன்.

அவன் உயிரோடு இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. இருக்கிறான் என்று மச்சாளிடம் பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் அவர் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் காது குடுத்திருக்கிற வேலை என்னுடையது. எத்தனை சனிக்கிழமை ஆனாலும் வருவேன். அவன் எடுத்தால், அவர் வந்து சேரும் வரைக்கும் கதைத்துக்கொண்டே இருப்பேன், அண்ணா.

என்றும் உங்கள் ஒரே தங்கச்சி