ஒரு தேத்தண்ணிக்குச் செல்லும்

என் சிவம் அண்ணை,

1996 நவம்பர் 9, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. உங்களுக்கு நான் கடைந்து தந்த நூறு பித்தளை வில்லைகளில் என் கையில் மிச்சம் மூன்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, உங்கள் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தோடு ஆளுக்கொன்றாக அண்ணி அவற்றைக் கொடுத்துவிட்டா. "ஊரிலயும் பேர் வெட்டின கிண்ணம் குடுக்கிறதுதானே ரூபன். இவர் எனக்கு வேலை வைக்காமல் தானே அடிப்பிச்சு வைச்சிட்டார்" என்றா. ஒரு பக்கம் உங்கள் பெயர், மறுபக்கம் 'ஒரு தேத்தண்ணிக்குச் செல்லும்'. அது இங்கே சுவிஸில், பூம்ப்ளிஸில் நீங்கள் திறக்கவிருந்த தேத்தண்ணிக் கடைக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று அவ அழாமல் நின்ற ஒரே நேரம் அது.

எல்லாம் அந்த அமெரிக்கக் காசுகளால் வந்தது. லுசேர்ண் ஹோட்டலில் சமையல் வேலை முடிந்து, பழஞ்சாமான் சந்தையில் ஒரு டப்பா நிறைய வாங்கி வந்தீர்களே. சவரக்காரர், பியர் வடிப்பவர், பலசரக்குக் கடைக்காரர். 1863இல் அங்கே உள்நாட்டுச் சண்டை நடந்தபோது சனம் சில்லறையைப் பதுக்கியதால், தங்கள் பெயரையே செம்பில் அடித்து மிச்சக்காசாகக் கொடுத்தவர்கள்.

"அரசாங்கத்தின்ர காசில்லையடா. கடைக்காரனை நம்பிச் சனம் வாங்கினது" என்றீர்கள்.

"சுவிஸில அஞ்சு ராப்பன் வரைக்கும் சில்லறை கிடக்கு. உங்களுக்கென்ன விசரோ?" என்றேன்.

"கடை திறக்க முதலே சனத்தின்ர கையில என்ர பேர் இருக்கோணும்."

நெஞ்சுவலி வரப்போவது தெரியுமோ? அதனால்தான் என்னை அவசரப்படுத்தினீர்களோ? பாடன் தொழிற்சாலையில் அளவும் உலோகமும் படித்தேன். இது பிடிபடவில்லை.

நீங்கள் இல்லையென்று, கடை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காமல் திங்கட்கிழமை கைவிடுவதாக அண்ணியும் நானும் இருந்தோம். இன்று கோவிலில் டாக்ஸிக் குணா வில்லையைச் சுண்டிக்கொண்டு, "டேய் ரூபன், எங்கயடா என்ர தேத்தண்ணி? மனுசன் செத்தும் கடை திறக்காமல் பேய்க்காட்டி ஏமாத்துறாரோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை ஓங்கிவிட்டேன்.

அண்ணி என்னைத் தள்ளிவிட்டு வில்லையை வாங்கினா. திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு அவனிடமே கொடுத்துக் கேட்டா: "சீனி எவ்வளவு போட?"

இதற்கு என்ன அர்த்தம், அண்ணை? கேட்க எனக்குத் துணிவில்லை. செய்யத் தெரியும்.

1. திங்கள் காலை அண்ணியோடு போய் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பேன்.
2. சனியும் ஞாயிறும் கடை அடுப்படியில் நான் நிற்பேன்.
3. முதல் தேத்தண்ணி குணாவுக்கு. மன்னிப்பும் கேட்பேன். வில்லையோடு வரும் ஒருவரையும் வெறுவாயோடு திருப்பி அனுப்பமாட்டேன்.
4. மிச்ச மூன்றில் ஒன்று அண்ணிக்கு, ஒன்று எனக்கு. மற்றதை அந்த டப்பாவில், சவரக்காரருக்கும் பியர்காரருக்கும் நடுவில் போடுவேன்.

உங்கள் கூடப்பிறவாத் தம்பி,
ரூபன்