நூலுக்குத் திறந்த சாலை

என் அம்மாவுக்கு அண்ணனாகப் பிறந்து, அப்பா இல்லாத எனக்கு அப்பாவாகவும் இருந்த மாமாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க முடியாது. நாங்கள் நலம் என்று எழுதவும் கை வரவில்லை. தேஜு ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். உங்களைப் போலவே மோர் சோறு கலந்த பிறகுதான் ஊறுகாய் எங்கே என்று தேடுகிறாள். அடுத்த மாதம் உங்கள் திதி. தாத்தா திதிக்கு நகரிக்குப் போகணும் என்று இப்போதே நச்சரிக்கிறாள். கூட்டிப் போகிறேன் என்றுதான் நானும் சொல்லியிருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

வீட்டு விஷயத்தை ஊர் படிக்க எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் நேரில் கேட்க எனக்கு வழியில்லை. பிரிந்த தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் அந்தக் கொரோனா வருஷம் மாட்டிக்கொண்ட பிள்ளை என் மகள் ஒருத்தி மட்டும் இல்லை. படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

உங்கள் மகனை நான் சின்ன வயதிலிருந்து பாவா என்று கூப்பிட்டவள். மாமன் மகன்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினேன். அவர் அடித்த அடியில் என் இடது காது போயிற்று. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனை வைத்தால் ஒன்றும் கேட்காது. அன்றைக்கு என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தது நீங்கள். பெற்ற பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு, "இனிமே இந்த ஊட்ல நீ இருக்க வேணாம்மா" என்று சொன்னீர்கள். திருத்தணியில் வீடு பார்த்துக் கொடுத்தீர்கள். தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை சொல்லி வைத்ததும் நீங்கள்தான். அம்மா அப்போது உயிரோடு இல்லை. எனக்கிருந்த பிறந்த வீடு நீங்கள் ஒருவர்.

விவாகரத்து முடிந்தபோது பேசியதை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை என்னிடம், சனி ஞாயிறு உங்கள் வீட்டில். செலவுக்கு மாதா மாதம் அவர் தர வேண்டியதை நீங்களே வாங்கி வந்து கொடுப்பது. எல்லாவற்றையும் கோர்ட்டில் எழுதி வாங்கிவிடலாம் என்று வக்கீலம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். "நான் உயிரோட இருக்கறப்ப இன்னாத்துக்கும்மா பேப்பரு?" என்றீர்கள். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். தாய்மாமனிடம் கையெழுத்து வாங்குகிற பெண் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறாள்?

சொன்ன சொல்லை நீங்கள் காப்பாற்றவும் செய்தீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவீர்கள். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் விடுவீர்கள். பணமும் ஒரு மாதம் தவறியதில்லை. என் சிநேகிதிகளிடம் உங்களைப் பற்றிப் பெருமை பீற்றிக்கொள்வேன். இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைக்கும் என்று அவர்களும் சொல்வார்கள்.

பங்குனியில் அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிப் போனீர்கள். அடுத்த வாரம் ஊரை அடைத்துவிட்டார்கள். ஆந்திராவில் இருக்கிற நகரிக்கும் தமிழ்நாட்டுத் திருத்தணிக்கும் நடுவில் இருப்பது ஒரு செக்போஸ்ட், கொஞ்சம் வயல், நாலைந்து ஊர். அதுவே எனக்கு வெளிநாடாகப் போயிற்று. கடை பாதி நாள் திறக்க ஆரம்பித்ததும் ஊர் மக்களுக்கெல்லாம் பாஸுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். தக்காளி வண்டிக்குப் போட்டேன், மாட்டுத் தீவன வண்டிக்குப் போட்டேன். எனக்குப் போட்டால் மட்டும் தள்ளுபடி. கல்யாணம், சாவு, வைத்தியம், இவற்றுக்குத்தான் அதில் இடம் இருந்தது. பெற்ற பிள்ளையைக் கூட்டி வர என்று எழுத அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இல்லை, மாமா.

வயல் வழியாக நடந்தாவது வருகிறேன் என்று உங்களிடம் அழுதேன். போலீஸ் அடிக்கும் என்றீர்கள். என் மூலமாகக் குழந்தைக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியில் நான் அடங்கிப் போனேன். "காக்கா குருவி கூட இப்டியும் அப்டியும் போவ முடியலம்மா. தொறந்தா நானே கூட்டினு வரேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னீர்கள். வீட்டில் நெசவுத் தறி ஓடவில்லை, பிள்ளையும் இங்கேதானே சாப்பிடுகிறாள், அதனால் பணம் வராது என்றீர்கள். அதற்கும் சரி என்றேன். பாவம், மாமா எங்கே போவார் என்று உங்களுக்காக வருத்தப்பட்டேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்!

ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், அவளைக் கொண்டுவந்து விட்டீர்கள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். உங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு "நேனு ரானு" என்றாள். நான் வரமாட்டேன் என்று, தெலுங்கில், என்னைப் பார்த்து என் மகள் சொன்னாள். நாள் போனால் சரியாகிவிடும் என்று நீங்கள் என் தலையைத் தடவினீர்கள். பிள்ளையைப் பத்திரமாகக் கொடுத்தீர்களே என்று உங்கள் காலில் விழுந்து கும்பிட்டேன்.

அடுத்த வருஷம் வைகாசியில் உங்களுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. உங்கள் சாவுக்கு வர எனக்கு அனுமதி அன்றைக்கே கிடைத்தது. எட்ட நின்று, துணி சுற்றிய உங்களைப் பார்த்து, என்னைப் பெற்றவர் போனால் எப்படி அழுவேனோ அப்படி அழுதேன். அதன் பிறகு உங்கள் மகன் ஒரு பைசா தரவில்லை. ஊர் அடைபட்ட மாதங்களில் தராமல் பழகிவிட்டது, நீங்களும் இல்லாதபோது ஏன் தரப் போகிறார்? கேட்டு வாங்கித் தர உங்களைப் போல ஆள் இல்லையே என்று அதற்கும் உங்களை நினைத்துத்தான் ஏங்கினேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று தேஜு கேட்டாள், "அந்தக் கொரோனாவுல நான் அங்க இருந்தேன்ல, நீ ஏம்மா வரவேயில்ல?"

இத்தனை வருஷமாக அவள் மனசில் அது கிடந்திருக்கிறது. ரோடு மூடியிருந்தது, போலீஸ் விடவில்லை, யாராலும் வர முடியவில்லை என்று நீங்கள் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பொய் சொல்லாதம்மா. தாத்தா வாரா வாரம் நூல் எடுக்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போய்கினு வந்துகினுதான இருந்தாரு. ஒருவாட்டி என்னையும் கூட்டினு போனாரு, நூல் மூட்ட மேல ஒக்கார வெச்சு. கடலை உருண்ட வாங்கிக் குடுத்தாரு. அம்மாவப் பாக்கலாமான்னு கேட்டேன். அம்மாவுக்கு வேல ஜாஸ்தி, அப்பறமா வருவான்னு சொன்னாரு."

பொதட்டூர்பேட்டை எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர். இங்கிருந்து பஸ் போகிற ஊர். என் மகளை எல்லை தாண்டிக் கூட்டி வந்திருக்கிறீர்கள். அவளுக்குக் கடலை உருண்டை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அம்மா வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்ட பிறகும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அப்படியென்றால் தறியும் ஓடியிருக்கிறது. நூலுக்குப் பாஸ் இருந்திருக்கிறது. ஒரு போன் போட்டிருந்தால், கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு ஓடி வந்திருப்பேனே.

குழந்தை ஏதோ குழப்பிக்கொள்கிறாள் என்று நகரிக்கு, உங்கள் வீட்டு அத்தைக்குப் போன் போட்டேன். நீங்கள் எல்லை தாண்டி நூல் எடுக்க வந்தது நிஜமா என்று கேட்டேன். அத்தை, "ஆங், எனக்கும் தெரியும்மா. குழந்த இங்க இருந்தா நீயா வந்து அவனோட சேந்துடுவன்னு நெனச்சாரு. கெட்டது நெனைக்கல" என்றார்.

கெட்டது நினைக்கவில்லையாம். செவிட்டில் அறைந்தவனிடமிருந்து என்னைக் காப்பாற்றியவர், அதே ஆளிடம் என்னைத் திரும்ப வரவழைக்க என் பிள்ளையைத் தூண்டிலில் மாட்டியிருக்கிறார். அடித்தவர் மேல் கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்ததில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். உங்களைத்தான் தெரியாமல் போயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதையைப் பிறர் வீட்டுக்குத்தான் சொல்லுவோம்.

என்னிடமே கேட்டிருக்கலாமே, மாமா? இன்னொரு தடவை யோசித்துப் பாரேன் என்று ஒரு வார்த்தை? முடியாது என்று சொல்லிவிடுவேன் என்ற பயமா? இல்லை, கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்த அன்றைக்கே இப்படி ஒரு கணக்கு உங்கள் மனசில் இருந்ததா? இதை நினைக்கும்போதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேஜுவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பொய் சொன்ன அம்மா என்று முடிவு கட்டிவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் மனசில் இருக்கிற தாத்தா போய்விடுவார். அந்த மாதங்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மாதங்களாம். ஓடாத தறிக்கு அடியில் நீங்கள் அவளுக்குப் புடவையில் ஊஞ்சல் கட்டிக் கொடுத்தீர்களாம். ஓடாத தறி ஒன்றாவது இருந்திருக்கிறது, அது வரைக்கும் சந்தோஷம். அந்தப் பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

நேற்று வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். இனி செலவுப் பணமானாலும் சரி, பிள்ளை யாரிடம் எந்த நாள் என்பதானாலும் சரி, கோர்ட்டில் எழுதி வாங்கப் போகிறேன். ஊர் மறுபடி அடைபட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் நிறைய பேர் அதைக் கேட்கிறார்களாம்.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். திதிக்கு முன்னால் தேஜுவை உட்கார வைத்து நடந்ததை நடந்தபடி சொல்வேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், உங்களுக்காகக் குறைத்தும் சொல்ல மாட்டேன். அப்புறம் நகரிக்கு வருவதும் வராததும் அவள் இஷ்டம். இறந்தவரின் பெயரைக் கெடுக்கலாமா என்று அத்தை கேட்பார், சொந்தங்களும் கேட்கும். கேட்கட்டும். உங்கள் பெயரைக் காப்பாற்ற, என் மகளின் கண்ணில் வராமல் போன அம்மாவாக என்னால் இருக்க முடியாது, மாமா.

உங்கள் தங்கை பெற்ற மகள்,
சுமதி
திருத்தணி