இரண்டு பேருக்கான தோசைக்கல்

ஐப்பசி 9, வியாழன்

நேற்று வீடியோவில் பேசும்போது மகள் பார்த்துவிட்டாள். "அப்பா, அந்த நான்ஸ்டிக் கல்லு பூச்சு உரிஞ்சு கெடக்கு. அதுல சுட்டுத் திங்காதீங்க, ஒடம்புக்கு ஆகாது" என்றாள். இன்று செந்துறையில் பஸ் ஏறி அரியலூர் போய் இரும்புக் கல் வாங்கினேன்.

"எத்தனை பேருக்குங்க?" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

"ரெண்டு பேருக்கு" என்று வாயில் வந்துவிட்டது. கமலா இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

பெரிய கல்லாக எடுத்துக் கொடுத்தார். "வூட்டுக்காரம்மாகிட்ட சொல்லுங்க. கழுவி நல்லெண்ணெய் தடவி ரெண்டு மூணு நாள் பழக்கணும். இல்லாட்டி ஒட்டிக்கும்."

"சொல்றேங்க" என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பொய் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து நானே கழுவித் தடவி வைத்தேன். கையில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, பேனா வழுக்குகிறது.