ஷிஃபா நடக்கிற நடை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சானுக்கு, நூர்னிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் நலம். அங்கே உங்கள் உடம்புக்கு அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

போனில் பேசினால் நீங்கள் சத்தம் போடுகிறீர்கள், நான் அழுதுவிடுகிறேன். அதனால்தான் நீங்கள் இருக்கிற தம்மாமுக்குக் கிளம்புகிற நிஜாம் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மல்லிப்பொடியும் பால்கோவாவும் அதே பையில் இருக்கின்றன. கோவாவைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு படியுங்கள், கோபம் கொஞ்சம் குறையும்.

உங்கள் அறையில் எல்லோரும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றீர்கள். நம் மகள் ஷிஃபா இடுப்பை ஆட்டி நடக்கிறாள், ஒருவர் சிவப்பு அட்டையை நீட்டுகிறார், அவ்வளவுதானே அதில் இருக்கிறது? அது போன வருஷம் ராஜபாளையத்தில் நடந்த மாவட்ட நடைப் போட்டியில் எடுத்தது மச்சான். அதை இப்போது தேடிப் பிடித்து உங்களுக்கு அனுப்பிய புண்ணியவான் யாரென்று நான் கேட்கப் போவதில்லை.

நடைப் போட்டியில் ஓடக் கூடாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. அப்படி வேகமாக நடந்தால் யாருக்கும் இடுப்பு ஆடத்தான் செய்யும். நம்பிக்கை இல்லையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு நீங்களே நடந்து பாருங்கள். நான் அடுப்படியில் நடந்து பார்த்தேன், இரண்டு நாள் இடுப்பு வலி.

அதற்குப் பிறகு நடந்தது அந்த வீடியோவில் இல்லை. நான் அங்கேதான் நின்றேன். முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவளை, முட்டி மடங்கியது என்று கடைசிச் சுற்றில் வெளியே அனுப்பினார்கள். நானாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். இவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு வளைவில் போய் நின்றாள். பின்னால் வந்த எப்சியைப் பார்த்து, “முட்டிய மடக்கிராத எப்சி, அவசரப்படாம வா” என்று தொண்டை கிழியக் கத்தினாள். வன்னியம்பட்டிப் பிள்ளை, இவளோடு படிக்கிறவள். எப்சிதான் ஜெயித்தாள். மறுநாள் விடியலில் இரண்டு பேரும் மடவார் வளாகம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். பெற்ற எனக்கே அவளை நிமிர்ந்து பார்க்க வேண்டும் போல இருந்தது.

இந்த வருஷம் அதே மைதானத்தில் ஒரு அட்டைகூட வாங்காமல் முதலாவதாக வந்திருக்கிறாள். அடுத்த மாதம் திருச்சியில் மாநிலப் போட்டி.

பக்கத்து வீட்டுச் செல்லக்கனியை உங்களுக்குத் தெரியும். “ஏட்டி நூரு, ஒம் மவளப் பாத்து எம் மவளும் ஆட்டி ஆட்டி நடக்கா, சொல்லி வையி” என்று சண்டைக்கு வந்தவள். பொறவு அவளே தன் மகளை எழுப்பி, தலை சீவி, ஷிஃபாவோடு அனுப்பினாள். தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்கு வரிசையில் இடம் கிடையாதாம், இவள் போட்ட சட்டம். இவள் முன்னால் போக, அத்தனை வாண்டுகளும் குட்டிக் கால்களை நீட்டி நீட்டிப் பின்னால் போவார்கள். அதைப் பார்க்க நீங்கள் இங்கே இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் வேண்டாமென்று சொன்ன அன்றிலிருந்து அவள் நடக்கப் போகவில்லை. ஷூவைக் கழுவிக் காயவைத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். “அத்தா சரின்னு சொல்லாம நா திருச்சிக்குப் போகலம்மா” என்கிறாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகள் காலையில் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள்.

நேற்று சோறு போடும்போது ஒன்று கேட்டாள். “அந்த ரூம்ல எல்லாரும் சிரிச்சப்ப அத்தாவும் சேந்து சிரிச்சாகளா, இல்ல தலையக் குனிஞ்சுக்கிட்டாகளாம்மா?”  குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அதற்கான பதிலை நீங்களே அவளிடம் சொல்லுங்கள் மச்சான். திட்டுவதாக இருந்தாலும் அவளையே கூப்பிட்டுத் திட்டுங்கள். நடுவில் நின்று உங்கள் ‘வேண்டாம்’ என்ற சொல்லை இன்னொரு முறை நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பாள்.

அல்லாஹ் உங்கள் நாவில் நல்ல வார்த்தையைத் தரட்டும் என்ற துஆவோடு,

உங்கள்
நூர்னிசா