வடை கருகிய சனிக்கிழமையும் உங்கள் வெள்ளிப் பெட்டியும்

என் நக்கலையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்ட அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது, வருகிற மாதம் உங்கள் ஆட்டைத் திவசம். ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறோம். "நீதானே அந்தாளோட ஆகலும் கூடக் கதைச்சனி, நீயும் ஒண்டு எழுதடி" என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குக் கதைக்கத்தான் வரும். அதனால் கதைக்கிற மாதிரியே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை உங்கள் கூட்டாளி சிவம் அண்ணை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மற்றவர்கள் எல்லாரும் உங்கள் நல்ல குணங்களை எழுதுகிறார்கள். என் பங்குக்கு வந்திருப்பது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிற வேலை. பயப்படாதீர்கள், குற்றம் உங்களுடையது இல்லை. மூன்று வருடமாக நான் வாய்க்குள் வைத்திருந்தது. நான், வாய்க்குள், மூன்று வருடம்! நினைத்துப் பாருங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. அக்கா நார்த்மீட் வீட்டை விட்டுவிட்டு இரண்டு அறை அடுக்குமாடி யூனிட் ஒன்றுக்குப் போகிறாள். ஒற்றை ஆளுக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கு? நீங்கள் இருந்து பாட்டுக் கேட்ட சாய்மனைக் கதிரை அவளோடு போகிறது. ஸ்பீக்கர்களும் போகின்றன. "அந்தப் பெரிய பெட்டியைத்தான் என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை" என்றாள். நான் சட்டென்று கதையை மாற்றினேன்.

இதை வாசிக்கிற ஆட்களுக்கு அது என்ன பெட்டி என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்குள் பாட்டு பாட்டாக இருக்காதாம், வெறும் எண்களாகத்தான் இருக்குமாம். அந்த எண்களை ஸ்பீக்கருக்கு விளங்குகிற சத்தமாக மாற்றித் தருவதுதான் அந்தப் பெட்டி. அதன் பெயர் டாக். நீங்கள் எனக்கு விளங்கப்படுத்தியது இப்படி: "சிவம் வில்லாவுட் தடுப்பு முகாமுக்குப் போய் எங்கட சனத்துக்கு மொழிபெயர்க்கிறான் எல்லே? அதே வேலைதான் இதுக்கும். சொன்னதைச் சொல்ல வேணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

எது நல்ல பெட்டி, எது காசைத் தின்கிற பெட்டி என்று பிரித்துச் சொல்வதில் நீங்கள் ஒரு டாக்குத்தர். பாரமட்டா பக்கத்தில் குடியேறிய தமிழ் ஆட்கள் ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ வாங்க முதல் உங்களுக்குத்தான் ஃபோன் அடிப்பார்கள். மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கார் நிறுத்துமிடத்திலேயே உங்களை மறித்துக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். முருகனுக்குக்கூட அவ்வளவு வரிசை நிற்கவில்லை.

சனிக்கிழமை கோயிலால் வந்ததும் உங்கள் கச்சேரி தொடங்கும். கேட்பவர்கள் மூன்று பேர்: நீங்கள், சிவம் அண்ணை, கோயம்புத்தூரில் இருந்து வந்து ஐடி வேலை பார்க்கிற கண்ணன். பெட்டியைக் கண்ணால் பார்த்தால் காது பொய் சொல்லும் என்று பழைய பெட்ஷீட் ஒன்றைத் திரையாகக் கட்டுவீர்கள். திரைக்குப் பின்னால் இருந்து வயரை மாற்றிக் கொடுக்கிறது என் வேலை. ஏன் என்னைப் பிடித்தீர்கள்? "மச்சாளுக்கு ஒண்டும் தெரியாது, அதால பக்கம் சாய மாட்டா" என்றீர்கள். நான் வேலை செய்கிற, ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற லோண்டரியில் மூன்றாம் நம்பர் டிரையரின் பேரிங் போகப் போகிறது என்று சத்தத்திலேயே சொல்கிறவள் நான். எனக்கா ஒன்றும் தெரியாது?

இனிக் குற்றம்.

2010ஆம் ஆண்டு, தைப்பொங்கல் முடிந்து ஒரு சனிக்கிழமை. உங்களிடம் ஏற்கெனவே குச்சி உரசுகிற நெருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு டாக் பெட்டி இருந்தது, இணையத்தில் மலிவாக வாங்கியது. கண்ணன் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கேட்டு, ஒரு நாள் இரவலாக, இப்போது இருக்கிற அதே மாதிரி ஒரு வெள்ளிநிறப் பெட்டியைக் கொண்டுவந்தான். அரிசி மூட்டை தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி வந்தான். அதன் விலைக்கு ஓடுகிற கார் ஒன்றே வாங்கலாம். அக்கா அன்று வேலைக்குப் போயிருந்தாள்.

நாதஸ்வரமும் தவிலும். முதலில் நெருப்புப் பெட்டியில் போட்டேன். மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். "பரவாயில்லை" என்று தலையாட்டினீர்கள். "சரி மச்சாள், மற்றதுக்கு மாத்தும்" என்றீர்கள். மாற்றத்தான் வயரில் கை வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் குசினியில் இருந்து புகை மணம். அடுப்பில் என் வடை!

ஓடினேன். கருகியதைக் கருகாததில் இருந்து பிரித்து, அடுப்பை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்து திரைக்குப் பின்னால் இருந்தேன். "மாத்தியாச்சோ?" என்று கேட்டீர்கள். "ஓம், மாத்தியாச்சு!" என்றேன். மாற்றிய ஞாபகம்தான் எனக்கு. பாட்டு தொடங்கிய பிறகு குனிந்து பார்க்கிறேன், வயர் அதே நெருப்புப் பெட்டியில்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் தொடங்கிவிட்டீர்கள். "ஐயோ, தவில்காரர் விரலில கூடு போட்டிருக்கிறது கேக்குதடா!" சிவம் அண்ணை: "ஸ்பீக்கருக்குப் பின்னால சுவரே இல்லாத மாதிரியெல்லோ கிடக்கு." கண்ணன்: "நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கறதுகூடத் தெரியுதுண்ணா. இவ்வளவு நாள் நாம கேட்டதெல்லாம் என்ன பாட்டு?"

இவ்வளவு நாள் கேட்ட அதே பாட்டு, அதே பெட்டி. நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு இருந்தேன். வடை சாப்பிடும்போது சொல்லலாம் என்று விட்டேன். வடை சாப்பிடும்போது நீங்கள் மூன்று பேரும் பெட்டியின் புகழைப் பாடிக்கொண்டு கருகல் வடையையும் ருசித்து விழுங்கினீர்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். கண்ணன் பொழுதுபட முன் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை நீங்கள் அதே மாதிரிப் பெட்டிக்கு ஓடர் கொடுத்துவிட்டீர்கள். அது வந்து இறங்கிய நாளில் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பிறகு நான் திரைக்குப் பின்னால் போனாலே, "மச்சாள், வடை பத்திரம்!" என்று கத்துவீர்கள். அடுப்பில் வடையே இல்லாத நாளிலும் கத்துவீர்கள். சரியான சாப்பாட்டு ராமன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை கண்ணன் வந்தான். "அக்கா, அந்தப் பெட்டிய வெளிய யாருக்கும் குடுத்துடாதீங்க. நானே வாங்கிக்கிறேன். அண்ணன் குடுத்த விலையையே குடுத்துடறேன். அன்னிக்கு என் காதாலயே கேட்டேனே!" என்று அக்காவிடம் சொன்னான். சிவம் அண்ணை பக்கத்தில் இருந்து, "அவன்ர காது தப்பாதடா தம்பி" என்று உங்களுக்காகச் சாட்சி சொன்னார்.

அத்தான், அந்த நிமிஷம் என் பாடு உங்களுக்கு விளங்குமா? வாயை மூடிக்கொண்டால், ஒரு பிள்ளைகுட்டிக்காரன் என் பொய்யை நம்பிக் காசைக் கொட்டப்போகிறான். வாயைத் திறந்தால், காது டாக்குத்தர் என்று ஊரே சொன்ன உங்கள் பெயர் போகும். அதுவும் அக்காவுக்கு முன்னால், நீங்கள் திருப்பிப் பதில் சொல்ல முடியாத காலத்தில். நான் உங்களை முகத்துக்கு முன்னால் நக்கலடித்தவளே தவிர, முதுகுக்குப் பின்னால் அடித்தவள் இல்லை.

ஆனால் சொன்னேன். வடை, புகை, வயர், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

சிவம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு சத்தம் வந்தது. அக்கா! முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், அத்தான். "தவில்காரன்ர விரல் கூடு கேட்டதாமோ? ஐயோ என்ர கடவுளே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்கள் போன பிறகு அக்கா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அப்ப இண்டைக்கு ஒழுங்காச் செய்து பாப்பம்" என்றார் சிவம் அண்ணை. பெட்ஷீட்டைக் கட்டினோம். கண்ணன் கைத்தொலைபேசியில் சத்தம் அளக்கிற ஏதோ ஒன்றை வைத்து, இரண்டு பெட்டியின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். ஒன்று இம்மி கூடக் கத்தினாலும் காது அதுதான் நல்லது என்று சொல்லிவிடுமாம். மனிதர்களிலும் அப்படித்தானே? பத்துத் தரம். ஒவ்வொரு தரமும் நான் திரைக்குப் பின்னால் வயரைக் கழற்றி, நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் பெரியது, பூ விழுந்தால் சின்னது. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று அக்கா இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தாள்.

கண்ணன் பத்தில் ஐந்து சரி. சிவம் அண்ணை பத்தில் நான்கு. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். இரண்டும் நல்ல பெட்டிதான், அத்தான். இரண்டும் சொன்னதைத்தான் சொல்கின்றன. பெரியது அதைப் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு சொல்கிறது, அவ்வளவுதான்.

"நானும் ஒருக்கா இருந்து பாக்கட்டோ?" என்றாள் அக்கா. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் உங்கள் சோதனைக்கு வராதவள், உங்கள் கதிரையில் போய் இருந்தாள். கண்ணைக்கூட மூடவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பெரியது. சின்னது. சின்னது. பெரியது. பத்துக்குப் பத்து!

"எப்படிக்கா?" கண்ணன் எழும்பி நின்றுவிட்டான்.

"பாட்டு எனக்கு எல்லாம் ஒண்டுதான் தம்பி. ஆனால் அந்தப் பெரிய பெட்டி, பாட்டுத் துவங்க முதல் 'டிக்' எண்டு ஒரு சத்தம் போடும். அது கேட்டால் அவர் கதிரையில இருந்திட்டார் எண்டு அர்த்தம். நான் குசினியில தேத்தண்ணிக்குக் கேத்தில் போடுவன். அது எப்பிடித் தெரியாமப் போகும்?"

நாங்கள் திரும்பப் போட்டுப் பார்த்தோம். உண்மைதான். வயரை மாட்டியதும், பாட்டு வர முன், பெட்டிக்குள்ளே ஏதோ ஒன்று மெல்லிசாக 'டிக்' என்கிறது. நாங்கள் எல்லாரும் பாட்டுக்குக் காதை வைத்திருந்தோம். அதற்கு முந்தியதை யாரும் கேட்கவில்லை, அக்காவைத் தவிர.

அப்போதுதான் எனக்குத் தலையில் குட்டியது போல இருந்தது. கருகல் வடை அன்று 'டிக்' வரவே இல்லை. அன்று பெரிய பெட்டியார் வாயே திறக்கவில்லையே! சொந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த முதல் நாளே நீங்கள் அந்த 'டிக்'கைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் காதுக்கு அது தப்பியிருக்குமா? அன்றைக்கே உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும், இல்லையா?

"மச்சாள், வடை பத்திரம்!"

அட, கள்ள அத்தான்! இரண்டு வருடமாக நீங்கள் வடைக்கா கத்தினீர்கள்? நான் வந்து ஒப்புக்கொள்கிறேனா என்று பார்த்துக்கொண்டு இருந்தீர்களா? ஊரையெல்லாம் நக்கலடிக்கிறவள் நான் என்று திரிந்தேன். என்னைக் கயிற்றில் கட்டி இரண்டு வருடம் ஆட்டியிருக்கிறீர்களே! பெட்டியை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை? என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமலா? அல்லது நீங்களே கேட்ட அந்த விரல் கூட்டுக்கு வெட்கப்பட்டா? இதற்குப் பதில் சொல்லாமல் போனதுதான் எனக்கு உங்களில் உள்ள ஒரே கோபம்.

இதையும் அவர்களுக்குச் சொன்னேன். உங்கள் பெயருக்கு ஒன்றும் வரவில்லை, அத்தான். "அண்ணன் காது தப்பாதுன்னு சிவம் சார் சொன்னது சரிதான்" என்றான் கண்ணன். அவன் இப்போது நெருப்புப் பெட்டி அளவில் ஒன்றுக்கு ஓடர் கொடுத்திருக்கிறான். "நல்லவேளைக்கா, வீட்ல திட்டு வாங்காம தப்பிச்சேன்" என்று உங்கள் படத்துக்குக் கும்பிடும் போட்டுவிட்டுப் போனான். வெள்ளிப் பெட்டி எங்கும் போகவில்லை. அக்கா அதைத் துவாய்த் துண்டில் சுற்றி, புது யூனிட்டுக்குப் போகிற முதல் பெட்டிக்குள் தானே வைத்துக் கட்டினாள். அதன் பெறுமதியைக் கடைசியில் சரியாகச் சொன்னவள் அவள்தான்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் மேய்ஸ் ஹில்லில் கும்பிட்டுவிட்டு நேரே அக்காவிடம் போவேன். வயரைப் பெரிய பெட்டியில்தான் மாட்டுவேன், மாட்டினேனா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் 'ஓம்' சொல்லுவேன். 'டிக்' கேட்கும். அக்கா கேத்தில் போடுவாள். தேத்தண்ணிக்கு வடை நான் சுட்டுக்கொண்டு போவேன், என் வீட்டிலேயே சுட்டு.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாதவள் என்று நம்புவது போல நடித்து நீங்கள் ஏமாற்றிய,
உங்கள் மச்சாள் சரோ