பூனை என்று சொல்லியிருக்கலாமே

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அவருடைய தொண்டை அதைவிட சுகம், அதனால்தான் இத்தனை வினையும். நீயும் மருமகளும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சௌக்கியமா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று முகம் சுளிக்காதே. போனில் யார் யாராகப் பேசுகிறார்கள் என்றே இப்போது தெரிவதில்லை. இந்தக் கோழிக்கிறுக்கலை எவனாலும் போட முடியாது, பள்ளி ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தை அச்சாகப் போட்ட நீயே என்னுடையதில்தானே மாட்டிக்கொண்டாய்.

முதலில் அப்பா கதையைக் கேள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் முழுக்க உட்கார்ந்தவர் அல்லவா, எந்த எண்ணையும் உரக்க, இரண்டிரண்டு தடவை சொல்லும் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. போன மாதம் பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவன், உங்க கார்டு இன்னைக்கே முடங்கிடும் சார், ஆறு நம்பர் வரும், படிங்க என்றிருக்கிறான். இவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாலு, நாலு, ஒன்பது, ஒன்பது என்று ஆரம்பித்துவிட்டார். தெருமுனைவரை கேட்டிருக்கும். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து போனைப் பிடுங்கியபோது ஆறில் மூன்றுதான் போயிருந்தது. ஒரே தடவை சொல்கிற மனிதராக இருந்திருந்தால், பிரசவத்துக்கு உங்களிடம் வர நான் தைத்துத் தைத்துச் சேர்த்த டிக்கெட் காசு அத்தனையும் அம்போ. அன்றைக்கே போனின் முதுகில் சீட்டு ஒட்டினேன், நம்பர் கேட்பவன் திருடன், பெற்ற பிள்ளையே ஆனாலும் என்று.

மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. மூக்கடைத்த குரல். போன் பஸ்ல தொலைஞ்சுபோச்சும்மா, இது ஃப்ரெண்டோடது, உன் கார்டுல டிக்கெட் போடுறேன், வர்ற நம்பரைச் சீக்கிரம் சொல்லு என்றது. அவசரப்படுத்துபவனை நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தவன் நீதானே? அதனால் சோதித்தேன், அப்பாவோட ரேடியோவை உடைச்சது யாரு என்று. நான்தாம்மா, இப்ப அதுவா முக்கியம் என்று பட்டென்று பதில் வந்தது. அவ்வளவுதான், திருடன் மாட்டினான் என்று முடிவே கட்டிவிட்டேன். என் பிள்ளை இருபத்தைந்து வருஷமாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான், உடைத்தது பூனை என்று. கண்டபடி திட்டினேன். உன்னையெல்லாம் ஒருத்தி பெத்து எப்படித்தான் வளர்த்தாளோ என்றும் கேட்டேன். யாரைக் கேட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நேரே பேங்குக்கு ஓடிக் கார்டை முடக்கினேன். அங்கிருந்த அம்மா எழுந்து நின்று கை குலுக்கினாள், நானும் பரிசு வாங்கியவள்போல நடந்துவந்தேன். மறுநாள் மருமகள் அழைத்து, டிக்கெட் போயிடுச்சே அத்தை, நீங்க வரமாட்டீங்களா என்று அழுதபோதுதான் அந்த மூக்கடைத்த குரல் உன்னுடையதே என்று புரிந்தது. அவள் நீட்டியும் நீ போனைக் கையில் வாங்கவில்லை. கோபம் நியாயம்தான், ஆனால் நானும் வேறென்ன செய்வேன், சொல்.

நேற்றுப் புதுக் கார்டு வந்தது. டிக்கெட் போட நானே உட்கார்ந்தேன். பாதி விலைக்கு டிக்கெட் தரும் ஓர் இணையதளத்தைக் கண்டு அப்பா துள்ளினார், பூட்டுப் படம்கூட இருக்கிறதே என்றார். திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டு இருக்கும் என்று பேங்க் அம்மா சொன்னது ஞாபகம் வந்து பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், நடுவில் ஓர் எழுத்து கூடுதல். மூடிவிட்டுச் சரியான முகவரியை நானே அடித்தேன். அந்த நம்பர் வரும் நேரத்தில் அப்பாவை வாயில் தண்ணீர் நிறுத்திக்கொள்ளச் சொல்லி, என் விரலாலேயே போட்டேன். டிக்கெட் வந்துவிட்டது ராஜா. டாக்டர் சொன்ன தேதிக்கு ஆறு நாள் முன்னால் வந்து இறங்குகிறோம்.

மருமகளைக் கனம் தூக்கவிடாதே. என் பழைய கார்டு எண்ணை உன் கணக்கிலிருந்து அழித்துவிடு. பாவம் அந்தப் பூனை, ரேடியோ உடைந்தபோது ஒரு வாரம் பால் கொடுக்காமல் விட்டேனே என்று அப்பா இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூவரும் நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருங்கள். விமான நிலையத்தில் அதே கேள்வியைக் கேட்பேன், மறக்காமல் பூனை என்று சொல், அப்போதுதான் கட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
திட்டியவளும் திட்டு வாங்கியவளுமான
உன் அம்மா